ஃபார்மட் அடிக்காம விண்டோஸ எழுப்பியாச்சி, அடுத்து மின்ட்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ல அத்தான் வச்சிருக்க டைப்பிங் கடை மெஷின் நேத்து ராத்திரி பூட் ஆயிட்டு. ஃபார்மட் அடிக்கல, ஒரு ஃபைல் போகல, ஃபாண்ட் கூட அப்படியே கெடக்கு. எனக்கு பெரிய சந்தோஷமாக்கும், அதான் சூடு ஆறதுக்குள்ள எழுதிரலாம்னு உக்காந்தேன்.

மெஷின் ஆறாவது தலைமுறை இன்டெல் ஐ3, விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10 சப்போர்ட் முடியுற அன்னைக்கு வந்த அப்டேட்டு, அது ஓடிட்டு இருக்கும்போ ஐப்பசி இடி, கரண்ட் போச்சி. கடையில யுபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்துட்டு. கரண்ட் வந்து ஆன் பண்ணினா நீல ஸ்கிரீன், விண்டோஸ் எங்க இருக்குன்னு குறிச்சு வச்ச பூட் கான்ஃபிகரேஷன் டேட்டாவ (பிசிடி) காணலன்னு நிக்குது. சர்வீஸ் பாக்குற ஒரு ஆள்ட்ட காட்டினதுக்கு எடுத்த எடுப்புலயே "ஃபார்மட் அடிச்சிரலாம்"னுட்டாரு. டெஸ்க்டாப் முழுக்க கல்யாண கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், பத்திர டிராஃப்ட்டு. "மக்கா, நீ ஒருக்கா பாத்துட்டு சொல்லு, பொறவு அவருட்ட குடுப்போம்"னு அத்தான் போன் பண்ணினாரு. இந்த ஃபார்மட் பழக்கம் எனக்கு சுத்தமா பிடிக்காது. பூட் ஃபைல் கெட்டதுக்கு முழு டிஸ்க்க அழிக்குறது என்ன ஒரு வேல?

முதல்ல டேட்டா. ஒரே பென் டிரைவ்ல பல சிஸ்டத்த வச்சு பூட் பண்ண விடுற வென்டாய் போட்ட பென் டிரைவ் ஒண்ணு எப்பவும் கையில உண்டு, லினக்ஸ் மின்ட் ஐஎஸ்ஓவும் (இன்ஸ்டால் ஃபைல்) விண்டோஸ் ஐஎஸ்ஓவும் அதுலயே கெடக்கும். மின்ட்ட லைவா, அதாவது இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவ்ல இருந்தே ஓட்டி சி டிரைவ தொறந்தா விண்டோஸ் ஹைபர்நேட்ல இருக்குன்னு சொல்லி ரீட் ஒன்லியாதான் தருது. ஷட்டவுன் பண்ணினாலும் பாதி தூக்கத்துல வைக்குற விண்டோஸோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் பண்ற வேலதான் அது. காப்பி எடுக்க அது போதும், வலுக்கட்டாயமா எழுதுற மாதிரி மவுண்ட் பண்ணாதீங்க. எல்லாத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்திட்டுதான் ரிப்பேர்ல கைய வச்சேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். விண்டோஸோட ஸ்டார்ட்டப் ரிப்பேர் ஓடி ஓடி பாத்துட்டு முடியலன்னு கைய விரிச்சிட்டு. ரெகவரி கமாண்ட் பிராம்ப்ட்ல பூட்டு சரி பண்ற பூட்ரெக்க எடுத்தா, ஃபிக்ஸ்எம்பிஆர் வெற்றின்னு காட்டும், ஸ்கேன்ஓஎஸ் விண்டோஸே இல்லன்னு காட்டும், ஃபிக்ஸ்பூட் அடிச்சா 'ஆக்ஸஸ் டினைட்'. யூடியூப்ல எந்த வீடியோவ பாத்தாலும் இதே மூணு கமாண்டுதான், கீழ கமெண்ட்ல பூரா ஆக்ஸஸ் டினைடுன்னு புலம்பல். எங்க மெஷின் மாதிரி புது முறையில பூட் ஆகுற யுஇஎஃப்ஐ போர்டு, ஜிபிடி முறையில பிரிச்ச டிஸ்க்குன்னா அந்த ஃபிக்ஸ்எம்பிஆர் வெற்றின்னு சொல்றதுல ஒரு பிரயோசனமும் இல்ல. மதர்போர்டு, டிஸ்க்கோட தொடக்கத்துல எம்பிஆர்னு இருக்குற இடத்துல எழுதி வச்ச பூட் கோட எடுத்து ஓட்டவே ஓட்டாது. 100 எம்பி அளவுல ஒளிஞ்சு கெடக்குற சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன்ல இஎஃப்ஐ ஃபோல்டருக்குள்ள போயி மைக்ரோசாஃப்ட் பூட் ஃபைல எடுக்கும், அது பக்கத்துல இருக்குற பிசிடி ஃபைல படிக்கும், அவ்வளவுதான். அந்த ரெண்டுல ஒண்ணு கெட்டா நீல ஸ்கிரீன். அங்க அந்த ரெண்டையும் புதுசா எழுதித் தர்ற பிசிடிபூட் கமாண்டுதான் பேசும்.

டிஸ்க்கு, பார்ட்டிஷன் பாக்குற டிஸ்க்பார்ட்ல லிஸ்ட் டிஸ்க் குடுத்தா ஜிபிடின்னு தலைப்பு போட்ட பத்தியில ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், அத மொத பாத்துக்கணும். அடுத்து லிஸ்ட் வால்யூம், அந்த ஃபேட்32 சின்னத செலக்ட் பண்ணி எஸ்னு ஒரு லெட்டர் குடுத்தேன். ரெகவரில லெட்டர் எல்லாம் மாறிக் கெடக்கும், நம்ம சி அங்க டி ஆயிருக்கும். கண்ண மூடிட்டு சின்னு அடிச்சா விண்டோஸ் ஃபோல்டரே இல்லாத இடத்துல போயி தேடும். ஒவ்வொரு லெட்டருக்கும் உள்ள இருக்குறத காட்டுற டிர் அடிச்சு விண்டோஸ், யூசர்ஸ்னு ரெண்டு ஃபோல்டரும் எங்க இருக்குன்னு கண்ணால பாத்துட்டு அப்புறம்தான் அடுத்த கமாண்ட் அடிக்கணும்.

டில இருக்குற விண்டோஸ எடுத்து எஸ்ல பூட் ஃபைல் எழுது, ஃபர்ம்வேர் யுஇஎஃப்ஐன்னு பிசிடிபூட் குடுத்தேன். பூட் ஃபைல் காப்பி பண்ண முடியலன்னுட்டு. இந்த இடத்துலதான் எல்லாரும் எஸ்ஸ ஃபார்மட் பண்ண சொல்லுவாங்க. நிறுத்துங்க. டூயல் பூட் மெஷின்னா லினக்ஸோட பூட் ஃபோல்டரும் அதே 100 எம்பிக்குள்ளதான் இருக்கும், ரெண்டும் சேந்து போயிரும். கரண்ட் போன மெஷின்ல அந்த ஃபேட்32 அரகொறையா எழுதி நின்னிருக்கும்னுதான் எனக்கு பட்டுது, அதனால எஸ்ஸுக்கு செக்டிஸ்க், கூட எர்ரர சரி பண்ண சொல்ற எஃப் ஸ்விட்ச். எர்ரர் இருந்துது, சரி பண்ணிட்டு. பழைய பிசிடி ஃபைல அழிக்காம பேர மட்டும் மாத்தி வச்சேன், திரும்ப அதே பிசிடிபூட். பூட் ஃபைல்ஸ் சக்ஸஸ்ஃபுல்லி கிரியேட்டட். அந்த ஒரு வரியப் பாத்ததும் எந்திரிச்சு போயி ஒரு சாயா குடிச்சிட்டு வந்துதான் ரீஸ்டார்ட் குடுத்தேன்.

டிஸ்க்க பூட்டி வைக்குற பிட்லாக்கர் ஓடுற லேப்டாப்புன்னா இதுக்கெல்லாம் முன்னாடி ரெகவரி கீ கேக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போயி எடுத்து வச்சிருங்க. விண்டோஸ் எழுந்தப்பறம் கெட்டுப் போன சிஸ்டம் ஃபைல சரி பண்ண ரெண்டு கமாண்ட் உண்டு, டிஸ்ம் ரீஸ்டோர்ஹெல்த் மொத, எஸ்எஃப்சி ரெண்டாவது. எஸ்எஃப்சி நல்ல ஃபைல எடுக்குற ஸ்டோர சரி பண்றதே டிஸ்ம்தான், அதனால இந்த வரிசை மாறக்கூடாது.

யுபிஎஸ் பேட்டரிக்கு மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு கீழ ஒரு கடையில விசாரிச்சிருக்கேன். 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர்தான் வேணும். பேட்டரில தயாரிச்ச மாசம் அடிச்சிருக்கும், ரொம்ப நாளா ஷெல்ஃப்ல சார்ஜ் இல்லாம கெடந்தத தள்ளி விட பாப்பாங்க, அத பாத்து வாங்குங்க. எஸ்எஸ்டி நாகர்கோவில் மணிமேடை பக்கம் ஒரு கடையில வாங்குறதுதான் எனக்கு வழக்கம், அந்த ஆள் கேக்காமலே பில்லு போட்டு தருவாரு.

எஸ்எஸ்டி எதுக்குன்னா மின்ட்டுக்கு. விண்டோஸ் 11க்கு எட்டாவது தலைமுறையும் டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப்பும் வேணும், இந்த ஐ3 லிஸ்ட்லயே இல்ல. பூட் பென் டிரைவ் செய்யுற ரூஃபஸ் மென்பொருள் வச்சு அத சுத்திப் போகலாம்தான், ஆனா நாலு பேரு ஆதார் நகல் குடுத்துட்டுப் போற கடை மெஷின்ல அப்படி ஓட்ட எனக்கு மனசு வராது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பைசா கிடையாது, சோர்ஸ் தொறந்து கெடக்கு, அஞ்சு மெஷின்ல போட்டாலும் லைசென்ஸ்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். நம்ம ஆளுங்களுக்கு லினக்ஸ்னா ஒரு பயம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளா பாறசாலைல எங்க சித்தி பிள்ளைங்க ஸ்கூல்ல உபுண்டு லினக்ஸ்ல இருந்து எடுத்த கைட் க்னூ லினக்ஸ்லதான் படிக்குது, அதுகளுக்கு அது வெறும் கம்ப்யூட்டர். இங்க தமிழ்நாட்டுலயும் 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப்புல பாஸ் லினக்ஸ் சேத்துதான் குடுத்தாங்க, தொறந்து பாத்தவங்கதான் கம்மி. பிள்ளைங்களுக்கு அத சொல்லிக் குடுக்க அன்னைக்கு நாலு பேரு இருந்திருந்தா இன்னைக்கு இந்தக் கடைகள்ல பாதி லினக்ஸ்ல ஓடும்னு நான் உறுதியா நம்புறேன்.

கடைக்கு ஒத்து வருமான்னு லைவ்லயே பாத்தாச்சி. கடையில டைப் அடிக்குற அக்காவுக்கு பழைய டைப்ரைட்டர் விசைதான் கை பழக்கம், எனக்கு தமிழ்99. லினக்ஸ்ல மொழி மாத்தி டைப் அடிக்க உதவுற ஐபஸ்ல எம்17என் விசைத் தொகுப்ப போட்டா ரெண்டுமே இருக்கு. சிஸ்டம் கீபோர்டு லிஸ்ட்ல வர்ற தமிழ்99 எடுக்காதீங்க, அதுல க ரெண்டு தடவ அடிச்சா புள்ளி தானா விழாது, எம்17என்ல விழும். யூனிகோடுக்கு முந்தின பாமினி ஃபாண்ட் ஃபைல எடுத்து ஃபாண்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டு, ஃபாண்ட் லிஸ்ட்ட புதுப்பிக்குற எஃப்சி கேஷ் கமாண்ட் ஓட்டினதும் பழைய வேர்ட் ஃபைல் எல்லாம் லிப்ரே ஆபீஸ்ல சுத்தமா தமிழாவே தொறந்துட்டு. கார்டு, நோட்டீஸ் வடிவமைக்குற, 2001ல வந்த பேஜ்மேக்கர் 7 ஃபைலையும் லிப்ரே ஆபீஸ் டிரா தொறக்கும், இது நெறைய பேருக்குத் தெரியாது. ஒரு கல்யாண கார்ட தொறந்து பாத்தேன். எழுத்து எல்லாம் வந்துட்டு, பார்டர் கொஞ்சம் நகந்து நிக்குது, மணமக்கள் பேரு இருந்த பெட்டி மட்டும் ஒரு வரி கீழ எறங்கிட்டு. பழசத் திருத்த அது போதும். புதுசா போடுறதுக்கு பேஜ்மேக்கர் மாதிரி இலவசமா கிடைக்குற ஸ்க்ரைபஸ் பழகணும், அத யூனிகோட்லதான் பழக்கணும்னு அக்காட்ட சொல்லியாச்சி.

மாட்டிக் கெடக்குறது பிரிண்டர்தான். எல்லா ஜெராக்ஸ் கடையிலயும் மேசை ஓரத்துல இருக்குமே அந்த சின்ன வெள்ள லேசர், அதே சவம்தான். கம்பெனி லினக்ஸ் டிரைவர் பழசு. தனி ஆளுங்க எழுதின ஓபன் சோர்ஸ் டிரைவர் ஒண்ணு உண்டு, அத சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணி, லினக்ஸ்ல பிரிண்ட் வேலைய பாக்குற கப்ஸ்ல சேக்கணும். ஞாயித்துக்கிழம கடை அடச்சதுக்கு அப்புறம் அதுதான் வேல. அது வரைக்கும் விண்டோஸ் பழைய டிஸ்க்லயே இருக்கட்டும், மின்ட்ட தனி எஸ்எஸ்டில போட்டு அதுக்குன்னு தனி இஎஃப்ஐ பார்ட்டிஷன் வைக்கப் போறேன், ஒண்ணு கெட்டா இன்னொண்ணு நிக்கும். அந்த லேசர்ல மின்ட் 22 வச்சு லீகல் சைஸ் பத்திரப் பேப்பர் அடிச்சவங்க யாராவது இருந்தா மார்ஜின் எப்படி வச்சீங்கன்னு சொல்லுங்க.