நிற்கிற வாகனத்தைச் சைக்கிளில் கடக்கும்போது

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஏ9 என்கிற கண்டி–யாழ்ப்பாண வீதியில் போகிற வாகனங்கள் குறைவு. அங்கே எந்த நேரமும் பஸ்ஸும் வானும் லொறியும் ஓரத்தில் நிற்கும். தேங்காய் உடைக்கவும் கடலை வாங்கவும் ஆட்கள் இறங்கி ஏறிக்கொண்டிருப்பார்கள். அந்த வரிசையைச் சைக்கிளில் கடக்கிறவர்கள் இடைவெளியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, வாகனம் ஏன் நிற்கிறது என்பதை.

ஓரங்கட்டி நிறுத்தியிருந்தால் வலப்பக்கத்தால்தான் கடக்க வேண்டும். சாரதியின் கதவு அந்தப் பக்கம் திறக்கும். ஆகவே வாகனத்துக்கும் உங்கள் ஹான்டிலின் நுனிக்கும் இடையில் குறைந்தது ஒரு மீற்றர் விடுங்கள். விலகுவதற்கு முன்பே பின்னால் திரும்பிப் பாருங்கள், வலக்கையை நீட்டிக் காட்டுங்கள். வாகனத்துக்குக் கிட்டப் போய்ச் சடாரென்று வெட்டினால், பின்னால் வருகிற ஹயஸ் வானுக்கு விலக இடமிராது. சாரதி ஆசனத்தில் தலை தெரிகிறதா, பிறேக் லைட் இப்போதுதான் அணைந்ததா, முன்சில்லு வலப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் இரண்டும் கதவு திறக்கலாம் என்பதற்கு அடையாளம். மூன்றாவது, வாகனம் வெளியே எடுக்கப் போகிறது என்பதற்கு.

பஸ் ஆட்களை இறக்க நின்றால் இடப்பக்கத்தால் நுழையவே கூடாது. வாசல் அந்தப் பக்கம்தான். பொதியோடு இறங்குகிறவர் நிலத்தைப் பார்ப்பாரே தவிர உங்களைப் பார்க்கமாட்டார். பின்னால் நின்றுவிடுங்கள், பஸ் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடும். ஓட்டோவும் அப்படித்தான், கதவில்லாததால் கால் வெளியே வரும்வரை ஒன்றும் தெரியாது.

பாதசாரிக் கடவைக்கு முன் நிற்கிற வாகனத்தை எந்தப் பக்கத்தாலும் கடக்காதீர்கள். அது யாருக்கோ வழி விட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்த யாரோ பெரும்பாலும் ஒரு பிள்ளை. வாகனத்தின் மறைவில் உங்களுக்குத் தெரியாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை என்பது என் முடிவு.

புகையிரதக் கடவை மூடியிருக்கும்போது வரிசையின் இடப்பக்கத்தால் மெதுவாக முன்னுக்குப் போகலாம், ஆனால் நடை வேகத்தில். மணிக்கு 15 கிலோமீற்றரில் போனால் ஒரு செக்கனுக்கு நான்கு மீற்றர் ஓடிவிடும். கை பிறேக்கைப் பிடிப்பதற்குள் கதவில் மோதியிருப்பீர்கள். மழையில் றிம் நனைந்தால் பிறேக் இன்னும் பிந்தித்தான் பிடிக்கும். வரிசை நகரத் தொடங்கினால் இருந்த இடத்திலேயே சேர்ந்துகொள்ளுங்கள். கடவை திறந்ததும் தண்டவாளத்தை நேர்குத்தாகக் கடவுங்கள். சரிவாகப் போனால் சில்லு தண்டவாள இடுக்கில் இறங்கும்.

பரந்தன், மாங்குளம் மாதிரிச் சந்திகளில் டிப்பருக்கு இடப்பக்கம் போய் நிற்பது எல்லாவற்றிலும் ஆபத்து. இடது சிக்னல் போடாவிட்டாலும் அது திரும்பலாம். திரும்பும்போது பின்சில்லு முன்சில்லைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள்.

அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றின ட்ரக்டர் பெட்டிகள் ஓரத்தில் நிற்கும். பல பெட்டிகளில் பின்லைட் இல்லை, இருட்டில் கிட்டப் போனால்தான் தெரியும். சைக்கிளுக்கு முன்லைட் கட்டாயம். தாரை விட்டுக் கிரவலில் இறங்கிக் கடந்தால், திரும்பி ஏறும்போது விளிம்போடு ஒட்டி உரசி ஏறாதீர்கள்; சில்லு வழுக்கி வீதிக்குள் விழுத்திவிடும். வேகத்தைக் குறைத்து, ஹான்டிலை நன்றாகத் திருப்பி ஏற வேண்டும். விளிம்பு உயரமென்றால் இறங்கி உருட்டுங்கள்.

கரியரில் சாக்கோ மீன்பெட்டியோ ஹான்டிலைவிட அகலமாக இருந்தால் இடுக்குகளுக்குள் போகவேண்டாம். பின்னால் ஒரு ஆளை டபிள் ஏற்றினாலும் அதேதான், மெதுவாகப் போகும்போது ஹான்டில் ஆடும். மற்றவரின் வாகனத்தில் கை ஊன்றி நிற்பது, கண்ணாடியை மடக்கிவிட்டுப் போவது, காத்து நிற்கிற இன்னொரு சைக்கிளுக்கு முன்னால் குறுக்கே போய் நிற்பது, இவையெல்லாம் வேண்டாம். பெல்லைத் தூரத்திலேயே ஒருமுறை அடியுங்கள். காதருகில் அடித்தால் ஆள் திடுக்கிட்டு உங்கள் பக்கமே பாய்வார்.