பி.ஆர். ஸ்ரீஜேஷ்: பெஞ்சில் தொடங்கிய பதினெட்டு ஆண்டுகள்

இந்திய ஹாக்கியில் பெரிய பெயர்களைச் சொல்லச் சொன்னால் தயான் சந்தில் தொடங்கி தன்ராஜ் பிள்ளை வரை கோல் அடித்தவர்களின் பட்டியல்தான் பெரும்பாலும் நம் வாயில் வரும். 1956, 1960, 1964 என மூன்று ஒலிம்பிக்கில் கோல் காத்து இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்ற சங்கர் லட்சுமணனை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அந்த வழக்கத்தை மாற்றியவர் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ். அவருடைய பதக்கங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு வியப்பாக இருப்பது, அந்தப் பதக்கங்களுக்கு முன்னால் அவர் காத்திருந்த காலம்.

எறணாகுளம் மாவட்டத்தின் கிழக்கம்பலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். திருவனந்தபுரத்து ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்றே அலைந்துகொண்டிருந்தார். அவரைக் கோல் கம்பத்துக்கு முன் நிறுத்தியது அங்கிருந்த பயிற்சியாளர்களின் யோசனை. கால் பேட், கிக்கர், கையுறை, மார்புக் கவசம், ஹெல்மெட் என்று கோல்கீப்பருக்குத் தேவைப்படும் சாமான்கள் மற்ற வீரர்களின் செலவைப் போலப் பல மடங்கு ஆகும் என்பதால், அவற்றை வாங்க அவருடைய தந்தை வீட்டுப் பசுவை விற்றார். கேரளத்தில் இந்தக் கதையைச் சொல்லாத பத்திரிகை இல்லை.

2006இல் கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் சீனியர் அணிக்கு அறிமுகமானாலும், அடுத்த சில ஆண்டுகள் அட்ரியன் டிசோசாவுக்கும் பரத் சேத்ரிக்கும் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. ஹாக்கியில் கோல்கீப்பர் தவிர மற்ற வீரர்களை ஆட்டம் முழுவதும் மாற்றி மாற்றி இறக்குவார்கள். எனவே பதினாறாவது ஆளுக்கும் சில நிமிடங்கள் கிடைத்துவிடும். இரண்டாவது கோல்கீப்பருக்கு அந்தக் கொடுப்பினை பெரும்பாலும் இல்லை. 2011இல் சீனாவின் ஓர்டோஸ் நகரில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் இரண்டு பெனால்டி ஸ்ட்ரோக்குகளைத் தடுத்துக் கோப்பையை வென்று தந்த பிறகும், அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சேத்ரியே கேப்டனாகவும் கோல்கீப்பராகவும் இருந்தார். இந்தியா அங்கே பன்னிரண்டாவது, அதாவது கடைசி இடம் பெற்றது.

அதற்குப் பிறகுதான் அந்த இடம் அவருடையதானது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு இறுதியில், மீண்டும் பாகிஸ்தானுக்கு எதிராக, சமனான ஆட்டத்தின் முடிவைத் தீர்க்கும் ஷூட் அவுட்டில் அவர் தடுத்ததால் தங்கமும் ரியோ ஒலிம்பிக்குக்கான நேரடித் தகுதியும் கிடைத்தன. ரியோவில் கேப்டன்; 2017 அஸ்லான் ஷா கோப்பையில் முழங்கால் காயம்; பல மாத ஓய்வு. முப்பதை நெருங்கும் ஒரு கோல்கீப்பரின் கதை அத்துடன் முடிந்துவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 5 அன்று நடந்ததை, தற்காப்பு அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரின் கணக்கைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் அதன் கடுமை புரியும். கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்தின் விளிம்பிலிருந்து கோல் கோட்டுக்கு 14.63 மீட்டர், பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டிவிடும், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் டிராக் ஃப்ளிக் அந்தத் தூரத்தைக் கடக்க அரை வினாடியே ஆகும். 3.66 மீட்டர் அகலமுள்ள கோலில் பந்தைப் பார்த்த பிறகு நகரத் தொடங்கினால் நேரம் போதாது. அடிப்பவரின் தோளும் கால் வைப்பும் சொல்வதை முன்கூட்டியே படித்தாக வேண்டும். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக 3-1 என்று பின்தங்கி 5-4 என்று முன்னேறிய இந்தியா, ஆட்டம் முடிய ஏழு வினாடிகூட இல்லாத நிலையில் ஒரு பெனால்டி கார்னரை விட்டுக்கொடுத்தது. ஸ்ரீஜேஷ் அதைத் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்கு ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் வந்தது. பார்வையாளர்கள் அனுமதிக்கப்படாத அந்த அரங்கில், தற்காப்பு வீரர்களை இடம் மாற்றச் சொல்லி அவர் இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்த குரல் தொலைக்காட்சியில் தெளிவாகக் கேட்டது. அவருடைய ஆட்டத்தில் பாதி அந்தக் குரல்தான் என்பது என் கருத்து.

ஷூட் அவுட் வேறு வகைச் சோதனை. 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு வினாடிக்குள் கோல் அடிக்க வேண்டும் என்பதால், அவசரம் முழுவதும் எதிராளியுடையது. அவசரப்படாமல் முன்னே வந்து கோணத்தைக் குறுக்கி, அவரை வெளிப்பக்கம் தள்ளினால் நேரமே கீப்பருக்காக விளையாடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, நாற்பது நிமிடங்களுக்கு மேல் பத்து பேருடன் ஆடி 1-1 என்று காப்பாற்றியதும், பிறகு ஷூட் அவுட்டை 4-2 என்று வென்றதும் டோக்கியோவைவிடப் பெரிய சாதனை என்றே நான் சொல்வேன்.

இந்தக் கதையில் இரண்டாவது கோல்கீப்பர் கிருஷன் பாதக்கையும் சேர்க்க வேண்டும். 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிரான ஷூட் அவுட்டும் சமனாகி, சடன் டெத்தில் ஸ்ரீஜேஷ் காயமடைய, ஆறிய உடலுடன் பாதக் இறங்க நேர்ந்தது; இந்தியா தோற்று வெளியேறியது. டோக்கியோவிலும் பாரிஸிலும் அவர் மாற்று வீரர் மட்டுமே. முன்பு ஸ்ரீஜேஷ் உட்கார்ந்திருந்த அதே பெஞ்ச்.

பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று இரண்டாவது வெண்கலத்துடன் 336 சர்வதேச ஆட்டங்களை முடித்துக்கொண்டபோது, அவருடைய 16ஆம் எண் சட்டையை ஹாக்கி இந்தியா சீனியர் அணியில் இனி யாருக்கும் வழங்குவதில்லை என்று அறிவித்தது. உடனே ஜூனியர் அணியின் பயிற்சியாளரானார். 2023இல் தம்முடைய 300ஆவது ஆட்டத்தை ஆடிய சென்னை எழும்பூர் மைதானத்துக்கே, 2025இல் ஜூனியர் உலகக் கோப்பைக்காக அணியை அழைத்துவந்தார். பெல்ஜியத்துக்கு எதிரான காலிறுதி 2-2 என்று ஷூட் அவுட்டுக்குப் போக, கோலில் நின்றவர் இளம் கீப்பர் பிரின்ஸ்தீப் சிங். அவர் தடுத்த பந்துகளால் இந்தியா அரையிறுதிக்குச் சென்றது, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவை வென்று வெண்கலமும் பெற்றது. அந்த ஷூட் அவுட்டை ஸ்ரீஜேஷ் வெளியே இருந்துதான் பார்க்க வேண்டியிருந்தது; அதில் அவருக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் உண்டு.