இதயக் கட்டிப் படங்கள்: தேர்வில் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

படத்தைப் பார்த்ததும் "மிக்ஸோமா" (ஒரு சாதுவான இதயக் கட்டி) என்று சொல்லிவிடும் அவசரம்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மதிப்பெண்ணைக் குறைக்கிறது. எந்த அறை, எங்கே ஒட்டியிருக்கிறது, காம்பு உண்டா, அசைகிறதா, வால்வை அடைக்கிறதா, பெரிகார்டியத்தில் (இதயத்தைச் சுற்றிய உறையில்) நீர் கோத்திருக்கிறதா என்பதை முதலில் சொல்லுங்கள். இடமும் வயதும் சேர்ந்தாலே பாதி விடை வந்துவிடும்.

இடது மேலறையில் ஃபோஸா ஓவாலிஸ் (மேலறைத் தடுப்பிலுள்ள சிறு குழி) அருகே காம்போடு தொங்கி, டயஸ்டோலில் (கீழறைகள் தளரும்போது) இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வுக்குள் இறங்குவது பெரும்பாலும் மிக்ஸோமா. குழந்தையின் கீழறைச் சுவரில் பல கட்டிகள் இருந்தால் ராப்டோமயோமா (தசைக் கட்டி); அடுத்த கேள்வி அதோடு சேர்ந்து வரும் மரபணு நோயான டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்தான். ஒற்றைக் கட்டி, நடுவில் சுண்ணாம்புப் படிவு என்றால் ஃபைப்ரோமா (நார்த்திசுக் கட்டி). வலது மேலறைச் சுவரை ஊடுருவிப் பெரிகார்டியத்துக்கும் பரவினால் ஆஞ்சியோசார்கோமாவை (ரத்தக்குழாய்த் திசுவின் புற்று) நினையுங்கள். ஆனால் இதயத்திலேயே தோன்றும் முதன்மைக் கட்டிகளைவிட வேறிடத்திலிருந்து பரவியவையே மிக அதிகம். வலது மேலறையில் கட்டி தெரிந்தால் கீழ்ப்பெருஞ்சிரையையும் பாருங்கள். சிறுநீரகப் புற்று அந்த வழியாக ஏறி வரும்.

தேர்வர்கள் அதிகம் தடுமாறுவது ரத்த உறைவையும் கட்டியையும் பிரிப்பதில்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு), மேலறைச் செவி (மேலறையின் பை போன்ற நீட்சி), அசையாத கீழறை நுனி ஆகியவை உறைவின் பக்கம் சாயும் தடயங்கள். எம்ஆர்ஐயில் கடோலினியம் என்ற சாயம் முதல்முறை ஓடும்போது உறைவுக்குள் ரத்த ஓட்டம் தெரியாது. சாயம் ஏற்றிச் சில நிமிடங்கள் கழித்து எடுக்கும் தாமதப் படத்தில், இதயத்தசையைக் கறுப்பாக்கும் வழக்கமான இன்வர்ஷன் நேரத்தில் (தலைகீழாக்கும் துடிப்புக்கும் படமெடுப்புக்கும் இடைப்பட்ட நேரம்), உறைவின் நடு சாம்பல் நிறமாகத் தெரிந்து ஏமாற்றும். அந்த நேரத்தைச் சுமார் 600 மில்லிசெகண்டுக்கு உயர்த்தினால் உறைவு முழுக்கக் கறுப்பாகும், தசை வெளுக்கும். இந்தப் படியைத் தானாகவே சொல்பவரைத் தேர்வாளர் கவனிப்பார். பழைய உறைவின் ஓரம் சாயம் ஏற்கலாம். மிக்ஸோமாவின் மேலும் உறைவு படியலாம். இந்த இரண்டு விதிவிலக்குகளையும் கூடவே சொல்லுங்கள்.

எம்ஆர்ஐ எல்லாவற்றையும் காட்டிவிடாது. பல துடிப்புகளைச் சேர்த்துப் படமாக்குவதால், வால்வில் படபடக்கும் பாப்பிலரி ஃபைப்ரோஎலாஸ்டோமா என்ற சிறிய சாதுவான கட்டி மங்கி மறையும். அதற்கு உணவுக்குழாய் வழி எக்கோவே (ஒலியலை ஸ்கேன்) சிறந்தது. சுண்ணாம்பு, கரோனரித் தமனிகளோடு உள்ள உறவு, நுரையீரல் பரவல் ஆகியவற்றுக்கு சிடி.

பெட் ஸ்கேன் (குளுக்கோஸை அதிகம் இழுக்கும் இடங்களைக் காட்டும் ஸ்கேன்) பற்றிக் கேட்டால் தயாரிப்பிலிருந்து தொடங்குங்கள். முந்தைய நாள் மாவுச்சத்து குறைத்து, கொழுப்பு கூட்டி உண்டு, பிறகு பட்டினி இருக்க வேண்டும். இல்லையென்றால் இதயத்தசையே குளுக்கோஸை இழுத்துக் கட்டியை மறைத்துவிடும். மேலறைத் தடுப்பில் ஃபோஸா ஓவாலிஸை மட்டும் விட்டு இருபுறமும் தடித்திருப்பது கொழுப்புத் தடிப்பு. அதுவும் பெட்டில் ஒளிரலாம். கொழுப்பை அடக்கும் எம்ஆர்ஐ வரிசையில் அது கறுத்துவிட்டால் பயாப்ஸி தேவையில்லை.