தகரத்துக்குத் தைத்த சட்டை

போன மாதம் நடு அறையின் சீலிங்கைக் கழற்றினோம். மழை ஒழுகிப் பலகை உப்பி, ஒரு மூலை தொங்கத் தொடங்கியிருந்தது. மேலே ஏறிய மேசன் அண்ணை முதலில் கீழே போட்டது ஒரு எலிக்கூடு. அதன் பின்னால், பத்து வருடத்துக்கு முன்னர் வெக்கையைத் தடுக்க நானே நின்று அடிப்பித்த வெள்ளித்தாள் ஃபோம் (ஒரு பக்கம் அலுமினியத்தாள் ஒட்டிய மெல்லிய பிளாஸ்ரிக் விரிப்பு), ஒட்டடையோடும் பல்லி முட்டையோடும் சுருள் சுருளாக வந்து விழுந்தது.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆவணியில் இன்னொரு தடவை. தகரக் கூரையின் கீழ் படுப்பவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் காசு சேர்த்து ஃபோம் வாங்கினேன். வெக்கை குறைந்ததா என்றால், சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. பிழை என்னுடையது. மினுங்கும் பக்கத்தை மேலே வைத்து, தகரத்தோடு ஒட்ட, துளி இடைவெளி விடாமல் அடிப்பித்திருக்கிறேன். வெள்ளித்தாள் வெப்பக் கதிரைத் திருப்பி விடும். ஆனால் அதன் முகத்துக்கு முன்னால் ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். கொதிக்கும் தகரம் நேரே தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் சூட்டை அப்படியே வாங்கிக் கீழே கடத்திவிடும். பிறகு மிஞ்சுவது அந்த மெல்லிய ஃபோம் மட்டும்தான்.

ரொறொன்ரோவில் வீடு திருத்தும் வேலை செய்கிற ஒன்றுவிட்ட தம்பிக்கு வீடியோவில் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணை, தகரத்துக்குச் சட்டையெல்லோ தைச்சு விட்டிருக்கிறியள்!" அங்கே பழைய பேப்பரை அரைத்து, நெருப்பும் பூச்சியும் அண்டாமல் போரிக் உப்புக் கலந்து, முகட்டுக்குள் குழாயால் ஊதி நிரப்புகிற வழக்கமும் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பழைய பேப்பர் வடை சுற்றத்தான் போகிறது.

சரி, கழற்றியதை என்ன செய்வது? பழைய இரும்பு எடுக்க வருகிறவரிடம் நீட்டினேன். நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தார். வெள்ளித்தாள் உரியவில்லை. "தம்பி, அலுமினியமெண்டால் அலுமினிய விலை, பிளாஸ்ரிக்கெண்டால் பிளாஸ்ரிக் விலை. ரெண்டும் ஒண்டாய் ஒட்டிக் கிடந்தால் நான் எதுக்கு விலை போடுறது?" நியாயம்தான். அம்மம்மா வீட்டில் கூரை வேய்கிற வருடம் பிரித்த பழைய பனையோலையைத் தோட்டத்தில் தாழ்ப்பார்கள். அது அங்கேயே உக்கிப் பசளையாகும். இதைத் தாழ்த்தால் என் பேரப்பிள்ளை கிண்டும்போதும் மினுங்கும்.

எரிக்கலாம் என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். பிளாஸ்ரிக் புகையைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்க மனம் வரவில்லை. கிணற்றடியில் விரித்து, ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தேன். உரஞ்சினால் வெள்ளி போய்விடும். கறள் பட்ட கோடுகள் போகவில்லை, பரவாயில்லை. கிழிந்ததை வெட்டி எறிந்த பிறகும் முக்கால்வாசி தேறியது.

பெரிய துண்டு கோழிக்கூட்டுக்குப் போனது. இந்தத் தடவை தகரத்துக்குக் கீழே சலாகை கொடுத்து, இரண்டு அங்குலம் விட்டு, மினுங்கும் பக்கத்தைக் கீழே பார்க்கக் கட்டினேன். மேலே பார்த்தால் தூசி படியும். தூசி மூடிய வெள்ளித்தாள் வெறும் தாள். மத்தியானத்தில் மாமரத்தின் கீழே போய்க் கிடக்கிற கோழிகள் இப்போது கூட்டுக்குள்ளேயே நிற்கின்றன. இன்னொரு துண்டைக் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி, மினுக்கம் வெளியே தெரிய, நைலோன் கயிற்றால் கட்டினேன். இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை சுடுவதில்லை.

குசினிக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று அம்மா நின்றா. விறகடுப்புக்கு மேலே உருகி எரியக்கூடிய ஃபோமா? அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் கதைக்கவில்லை.

பின்விறாந்தையின் பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றுகளையும் மாற்றினோம். அதைத் திரும்பப் பாவிக்கிற கதையே வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன். எந்த வகை அஸ்பெஸ்ரசும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீர் அடித்து நனைத்து, சுத்தியலால் தட்டாமல் ஆணியைக் கழற்றி, முழுசு முழுசாக இறக்கினோம். ஆட்டுக்கொட்டிலுக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை, கஞ்சன் என்று பெயர் கிடைத்தது. உடைந்த துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் சுற்றி வளவு மூலையில் வைத்திருக்கிறேன். இன்னும் அங்கேயே கிடக்கின்றன.

ஃபோமில் கடைசியாக ஒரு முழத்துண்டு மிஞ்சியது. மோட்டார்சைக்கிளை வெயிலில் விட்டுவிட்டுப் போகும்போது சீற்றின் மேல் போட்டுவிடுகிறேன். போன கிழமை சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தால், துண்டைக் காணவில்லை.