ஜாம் போத்தலில் ஒரு சாராயக் கலவை

கிளிநொச்சியில் காக்டெயில் ஷேக்கர் தேடி அலைய வேண்டாம். மூடி இறுகப் பூட்டும் ஜாம் போத்தலே போதும். தென்னஞ்சாராயம் 60 மில்லிலீற்றர், தேசிக்காய்ப் புளி 25, சீனிப்பாணி 20. அளக்க, இருமல் மருந்தோடு வரும் சின்னக் கோப்பை திறம். சீனியையும் சுடுதண்ணியையும் சம அளவில் கரைத்து ஆறவிட்டால் பாணி. நான் அம்மியில் தட்டிய இஞ்சியும் போடுவேன். இங்கத்தைய வெக்கையில் அதன் ருசி அவ்வளவு நல்லாயிருக்கும்.

ஐஸ் நிறையப் போட்டு, போத்தல் வெளியே வேர்க்கும்வரை குலுக்குங்கள். ஐஸ் உருகிச் சேரும் தண்ணிதான் சாராயத்தின் காரத்தை அடக்கும், அதனால் அவசரப்படாதீர்கள். அப்புறம் தேத்தண்ணி வடியால் வடித்தால் சரி. சோடா விடுவதென்றால் வடித்த பிறகு மட்டும். போத்தலுக்குள் சேர்த்துக் குலுக்கினால் மூடி தெறித்துவிடும்.