க்வாய் பாலம்: படத்தில் வராதவர்கள்

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' பார்த்துவிட்டுத் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போகிறவர்கள் மரப்பாலத்தைத் தேடுவார்கள். அங்கே நிற்பது இரும்புப் பாலம். இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்து-பர்மா ரயில் பாதைக்காக, பிடிபட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளை வைத்து ஜப்பானியர் கட்டியது. போர்க்காலத்தில் பக்கத்திலேயே ஒரு மரப்பாலமும் இருந்தது உண்மை, இப்போது இல்லை. டேவிட் லீன் 1957-ல் வெளியான அந்தப் படத்தை எடுத்தது இலங்கையில், கிதுல்கலவில். களனி ஆற்றின் மேல் மரப்பாலம் கட்டி, வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆற்றின் பெயரே படத்தால் வந்ததுதான். பாலத்தின் கீழே ஓடியது மே க்லோங் ஆறு. க்வாய் எங்கே என்று பயணிகள் கேட்கத் தொடங்கியதும், 1960 வாக்கில் அந்தப் பகுதிக்கு க்வே யாய் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். சினிமாவுக்காக ஆறு பெயர் மாறிய கதை வேறெங்கும் உண்டா தெரியவில்லை!

பாலத்தில் நடக்கலாம். ரயில் வந்தால் ஒதுங்கி நிற்க ஓரத்தில் சின்னச் சின்ன மேடைகள் உண்டு. வளைந்த மேற்கட்டு உள்ள கண்கள் (தூணுக்குத் தூண் நீளும் பகுதிகள்) ஜாவாவிலிருந்து ஜப்பானியர் கொண்டுவந்தவை. நடுவே கோணலும் நேர்க்கோடுமாக இரண்டு கண்கள் மட்டும் தனியாகத் தெரிகின்றன. நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்ட இடம் அது. போருக்குப் பின் மாற்றிக் கட்டியது. படத்தில் வருவதுபோல் கமாண்டோக்கள் யாரும் வந்து தகர்க்கவில்லை.

படத்தில் அலெக் கின்னஸ் நடித்த பிரிட்டிஷ் கைதி கர்னல் நிகல்சன், எதிரிக்கே பெருமையாகப் பாலம் கட்டிக் கொடுப்பார். நிஜத்தில் இங்கிருந்த தமர்கான் முகாமில் கைதிகளின் தலைவர் லெஃப்டினன்ட் கர்னல் பிலிப் டூசி. மறுத்தால் ஆட்கள் சாவார்கள் என்பதால் வேலைக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் அடியும் வாங்கிக்கொண்டு சோற்றுக்கும் மருந்துக்கும் மல்லுக்கட்டினார். அவருடைய ஆட்கள் கரையானைப் பிடித்து வந்து மரத்தில் விட்டார்கள், கான்கிரீட்டை மட்டமாகக் கலந்தார்கள். படம் வந்தபோது முன்னாள் கைதிகளுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. ஜப்பானியப் பொறியாளர்களுக்கு வேலை தெரியாது என்பதும் கதைதான். 415 கிலோமீட்டர் பாதையை 1943 அக்டோபருக்குள் முடித்தவர்கள் அவர்கள்.

என் மனத்தாங்கல் வேறு. கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ லட்சத்துக்கும் மேல், செத்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். அதில் கணிசமானவர்கள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை என்று ஆசை காட்டி ரயிலேற்றினார்கள். ஆள் குறைந்தபோது பிடித்தே கொண்டுபோனார்கள். கைதிகளுக்குத் தங்கள் ராணுவ மருத்துவர்களாவது கூட இருந்தார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை. காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். லீனின் படத்தில் அவர்களுக்கு இடமே இல்லை.

ஊர் நடுவே உள்ள போர்க் கல்லறையில் 6,982 பேருக்கு இடம் உண்டு, புல் வெட்டிப் பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் போர்க்கைதிகள். தமிழ் எழுத்தை நான் பார்த்தது வேறிடத்தில். 1944-ல் ஜப்பானிய ராணுவமே பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. சுற்றுச்சுவரில் பல மொழிகளில் கல்வெட்டு. அதில் தமிழும் ஒன்று. வேலை வாங்கிக் கொன்றவர்களே வைத்த கல் என்பதால் அதைப் படிக்கையில் நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

சரி, போகிறவர்களுக்கு: பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். 'நாம் தோக்' என்ற ஊருக்குப் போகும் ரயிலில் ஏறி இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். தாம் க்ராசேயில் பாறைச் சரிவை ஒட்டிக் கட்டிய மரப்பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும், கீழே க்வே நோய் ஆறு. படத்தில் பார்த்த மரப்பாலத்துக்கு இதுதான் கிட்டத்தட்ட நெருங்கி வரும். அதற்கு அப்பால் ஹெல்ஃபயர் பாஸ், அதே ரயில் பாதைக்காக வெட்டிய மலைவழி. அங்கே ஆஸ்திரேலியா நடத்தும் அருங்காட்சியகமும் உண்டு. கைகளால் வெட்டிய பாறைக்கு நடுவே நடக்க வேண்டும். வெயில் ஏறுமுன் போவது நல்லது.