மிலிட்டரி தாத்தாக்களைத் தேடிப் போனோம்

வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914-19 பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று சொல்லும். பத்தாம் வகுப்பில் வரலாற்று சார் அதைக் காட்டி, "கல்லுல நம்பர்தான் இருக்கு. கதை வேணும்னா உசுரோட இருக்கிறவங்ககிட்ட இப்பவே போய்க் கேளுங்கடா" என்றார்.

நம் பக்கம் பட்டாளத்துக்காரர்களுக்கா பஞ்சம்? கம்மவான்பேட்டைக்கே மிலிட்டரிப்பேட்டை என்றுதான் பெயர். ஆனால் எடுத்த எடுப்பில் "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்பான் ஒருத்தன். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பிவிடுவார். சார் சொல்லிக் கொடுத்த கேள்வி வேறு: "அங்க உங்களுக்கு என்ன வேலை தாத்தா?"

அதற்கு வாயைத் திறந்தவர்தான், ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்த தாத்தா. "சுடுறதுக்கு வேற ஆளுங்க. நாங்க தோண்டுறவங்க."

1971 டிசம்பர், பாகிஸ்தானோடு போர், பசந்தர் ஆறு. டாங்கிகள் கடக்க, கண்ணிவெடிகளுக்கு நடுவே இரவோடு இரவாக வழி எடுக்க வேண்டும். விளக்குமாற்றில் ஒரு குச்சியை உருவி, வாசல் மண்ணில் சாய்வாகக் குத்திக் காட்டினார். "நேரா குத்துனா வெடியோட தலையில அமுக்கும், போச்சு. சாய்ச்சுக் குத்துனா விலாவுல இடிக்கும். அப்ப கைய நிறுத்திட்டு, விரலால மண்ண ஒதுக்கணும்." வழி முழுதாகத் தயாராகும் முன்பே பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையின் வண்டிகள் உள்ளே இறங்கிவிட்டன. மறுநாள், 16ஆம் தேதி, அந்தப் படையின் அருண் கேத்ரபால் 21 வயதில் டாங்கியிலேயே உயிர்விட்டார். பரம்வீர் சக்கரம் கிடைத்தது. தாத்தா அதை இரண்டு வரியில் முடித்துவிட்டார். லங்கர் (பட்டாளத்துச் சமையற்கூடம்) ரொட்டியைத் திட்டத்தான் அரை மணி நேரம்.

"காயிதத்துல எல்லாம் நான் நலம், நான் நலம்தான்" என்றார் உள்ளேயிருந்து பாட்டி. முகவரியோ வெறும் 56 ஏபிஓ, அதாவது ராணுவத் தபால் நிலைய எண். ஆள் எந்த மூலையில் இருக்கிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாதாம். எனக்கென்னவோ அந்த வீட்டில் பாட்டியைத்தான் முதலில் பேட்டி எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

1971-ல் போனவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. லீவில் ஊருக்குப் போகும் நம் சங்கத்தார் போனில் பதிவு செய்து வாருங்கள். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டச் சொன்னால் பேச்சு தானாக வரும். அப்புறம், காலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலம் கேன்டீன் ரம் திறந்தால், 1980-ல் பென்ஷன் வாங்கியவரும் கார்கிலில் சண்டை போட்டிருப்பார்.